வரி போனது, கூட்டுக் குடும்பம் இருக்கிறது

மிதாட்சர முறையில், பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பங்கு பிறப்பிலேயே வந்துவிடும். அதனால் தந்தை இறந்தால் அவருடைய பங்குக்கு மட்டும்தான் மரண வரி. 1953ஆம் ஆண்டு எஸ்டேட் வரிச் சட்டம் இதைக் கவனித்தது. வரி விகிதத்தை முடிவு செய்ய மட்டும், மகன்களின் பங்கையும் தந்தையின் பங்கோடு கூட்டச் சொன்னது அதன் 34ஆவது பிரிவு. அதையும் எதிர்த்து வழக்குக்குப் போனார்கள்.

1985இல் அந்த வரியே நீக்கப்பட்டது. வசூல் சொற்பம், நிர்வாகச் செலவு அதிகம் என்றார் அன்றைய நிதியமைச்சர் வி.பி.சிங் (மண்டல் பரிந்துரையை அமலாக்கிய அதே வி.பி.சிங்தான்).

வரி போனது, சலுகை போகவில்லை. வருமான வரிச் சட்டத்தில் இந்துக் கூட்டுக் குடும்பம் இன்றும் தனி ‘நபர்’. அதற்குத் தனி பான் எண், தனி விலக்கு வரம்பு. தாத்தா நிலமும் கடையும் விட்டுப்போன வீட்டுக்கு இது லாபம். பஞ்சமி நிலத்தையே பறிகொடுத்த குடும்பம் எந்தப் பூர்வீகச் சொத்தைக் காட்டி இந்தக் கணக்கைத் தொடங்கும்? தலித் கிறித்தவருக்கோ சட்டப்படியே அந்தக் கதவு கிடையாது.

பிறப்புவழிப் பங்கை ஒழிக்கத்தான் அம்பேத்கர் தன் இந்துச் சட்ட மசோதாவில் முயன்றார். கேரளம் 1976இல் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது. வாரிசு வரி வேண்டும் என்று பேசும் நம் தோழர்கள், முதலில் இந்தத் தனிக் கணக்கை மூடச் சொல்லட்டும்.