மஞ்சள் அட்டை ஓர் அமானிதம்

 

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமுஆ தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். வெளிநாடுகளுக்குப் பறக்கும் சரக்கு விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாக அவர் தேர்வு பெற்றிருந்தார். தந்தை மனையை விற்றுப் படிக்கவைத்த பிள்ளை. பயிற்சி முடித்த பின்னும் வேலையின்றி நெடுநாள் காத்திருந்த பிள்ளை. நியமனக் கடிதத்தோடு தடுப்பூசிப் பட்டியல் ஒன்றும் வந்திருந்தது. அதில் முதலாவதாக இருந்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பணியில் சேர மூன்று வாரங்களே இருந்தன. ஊசி போடும் மையத்தில் அவருக்குக் கிடைத்த நாளோ, சேர வேண்டிய நாளுக்கு ஐந்து நாள்கள் மட்டுமே முந்தியது. ஊசி போட்டுப் பத்து நாள்கள் கடந்த பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும்.

"ஊசி போடாமலேயே, பழைய தேதியிட்டு, முத்திரை குத்திய அட்டையை வாங்கித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கேட்டதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். கேளாமலே வாங்கிக்கொள்வோரும் உண்டு. "ஒரு காகிதம்தானே! யாருக்கு என்ன நட்டம்?" என்ற எண்ணம் நம்மில் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. எனவே அவருக்கு நாம் சொன்னதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறோம்.

அட்டை எதற்குச் சாட்சி?

மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவின் வெப்பமண்டல நாடுகளிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படும் வைரஸ் நோய். அதைப் பரப்புவதில் முதன்மையானது ஏடிஸ் கொசு. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் முட்டையிட்டு, டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்புகிற அதே கொசு. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில நாள்களில் தேறிவிடுகின்றனர். சிலருக்கோ, காய்ச்சல் விட்டதுபோல் இருந்து மீண்டும் தாக்குகிறது. கண்கள் மஞ்சளாகின்றன, இரத்தக் கசிவு தொடங்குகிறது. அந்தக் கடும் நிலையை அடைந்தோரில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிடுகின்றனர். வைரஸை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இருப்பது தடுப்பூசி ஒன்றே.

கொசு நம் நாட்டில் இருக்கிறது, நோய் இல்லை. நம் மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்நோய்க்கான எதிர்ப்புச் சக்தியும் இல்லை. நோயைச் சுமந்து வரும் ஒரு மனிதரை இங்குள்ள ஒரு கொசு கடித்தால் போதும், பரவலுக்கு வழி திறந்துவிடும். இது வெறும் கற்பனை அச்சம் அன்று. 2016-ஆம் ஆண்டு அங்கோலாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அங்கிருந்து சீனா திரும்பியவர்களுள் 11 பேருக்கு அந்நோய் உறுதி செய்யப்பட்டது. ஆசியாவில் அந்நோய் உறுதி செய்யப்பட்டது அதுவே முதல் முறை. அந்த ஆண்டில் தடுப்பூசிக் கையிருப்பு போதாமல், காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் போட வேண்டிய நிலை ஏற்பட்டது. நோய்ப் பரவலுள்ள நாடுகளிலிருந்து உரிய சான்றின்றி வருவோரை, அங்கிருந்து புறப்பட்டு ஆறு நாள்கள் நிறைவடையும்வரை இந்தியா தனிமையில் வைப்பதன் காரணமும் இதுவே. கொசு கடித்து மூன்று முதல் ஆறு நாள்களுக்குள் நோய் வெளிப்படும்.

ஆகவே அந்த மஞ்சள் அட்டை விமானியின் உடலுக்கு மட்டும் உரிய சீட்டு அன்று. "இவர் இந்த நோயை உங்கள் ஊருக்குக் கொண்டு வரமாட்டார்" என்று அவர் சந்திக்கப்போகும் மக்கள் அனைவருக்கும் கொடுக்கப்படும் சாட்சியம். அந்தச் சாட்சியத்தை நம்பித்தான் குடியுரிமைச் சோதனைக் கூடம் கதவைத் திறக்கிறது. உடன் பறக்கும் விமானி அதை நம்புகிறார். அவர் வீடு திரும்பும் தெருவில் விளையாடும் குழந்தை, தான் அறியாமலே அதை நம்பியிருக்கிறது. பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சமுதாயம் நாம். சாட்சி வாயால் சொல்லப்பட்டால் என்ன, முத்திரை குத்திய காகிதத்தால் சொல்லப்பட்டால் என்ன? அமானிதத்தில் மோசடி செய்து அடையும் வேலையின் முதல் சம்பளத்தை எந்த மனத்தோடு தாயின் கையில் கொடுப்பது?

தவக்குல் என்பது இதுவா?

அந்த இளைஞரின் உறவினர் ஒருவர், "அல்லாஹ் நாடியதுதான் நடக்கும், ஊசி எதற்கு?" என்று சொன்னாராம். நம்பிக்கையின் குரல்போல் ஒலிக்கும் இச்சொல்லுக்கு நம் வரலாறே விடை சொல்கிறது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியாவை நோக்கிப் பயணம் செய்து ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களிடமும் அன்சாரிகளிடமும் குறைஷிப் பெரியவர்களிடமும் கலந்தாலோசித்த பின், படையுடன் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவன் விதித்ததிலிருந்து தப்பி ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, விலகிச் செல்வதும் அதே இறைவனின் விதிக்கு உட்பட்டதுதான் என்னும் கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழையவும் வேண்டாம், நாம் இருக்கும் ஊரில் நோய் வந்தால் அதிலிருந்து ஓடவும் வேண்டாம் என்னும் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டலை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைத்தபோது, தம் முடிவு அதற்கு ஒத்திருந்ததற்காக உமர் (ரலி) இறைவனைப் புகழ்ந்தார்கள்.

நோயுள்ள ஊர்களுக்குள் நுழைந்து வெளியேறுவதையே தொழிலாகக் கொண்டவர் விமானி. இன்று என்டெபே, நாளை லாகோஸ், மறுநாள் சென்னை. நுழையாதிருக்க அவரால் இயலாது. அவர் கையில் இருக்கும் தற்காப்பு தடுப்பூசிதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. கட்டாத ஒட்டகத்தைக் கட்டியதாக எழுதி வாங்கிக்கொள்வதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

ஊசியில் என்ன இருக்கிறது?

இது நியாயமான கேள்வி. ஹலாலைத் தேடும் உள்ளத்தை எவரும் ஏளனம் செய்யலாகாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கப்படுவது. மாக்ஸ் தைலர் என்பவர் 1937-இல் உருவாக்கி, பின்னர் 1951-இல் நோபல் பரிசு பெறக் காரணமான அந்த வைரஸ் வகையே இன்றும் பயன்படுகிறது. வேறு சில தடுப்பூசிகளில், குறிப்பாகத் தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியின் சில தயாரிப்புகளில், நிலைப்படுத்தியாகப் பன்றியிலிருந்து பெற்ற ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மை. அது சேராத தயாரிப்புகளும் உண்டு. மருத்துவரிடம் கேட்டுத் தெரிவு செய்யலாம்.

மாற்று இல்லாதபோது என்ன செய்வது? ஒரு பொருள் தன் தன்மை முற்றிலும் மாறி வேறொரு பொருளாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்னும் இஸ்திஹாலா அடிப்படையில், இத்தகைய ஜெலட்டின் தூய்மையானதே என்று 1995-இல் குவைத்தில் கூடிய மார்க்க அறிஞர்களும் மருத்துவ அறிஞர்களும் முடிவு கூறினர். இந்தோனேசிய உலமா சபையோ 2018-இல் வேறு வழியில் சென்றது. தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்பட்டிருப்பதை வெளிப்படையாகக் கூறிவிட்டு, நிர்ப்பந்தத்தையும் மாற்று இல்லாமையையும் காட்டி அதை அனுமதித்தது. ஹனஃபி மத்ஹபினரும், கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபினரும் வாழும் நம் தமிழகத்தில், தன்மை மாற்றம் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது இயல்பு. உள்ளம் உறுத்தினால் உங்கள் ஊர் ஆலிமிடம் மருந்தின் பெயரோடு சென்று கேளுங்கள். ஆனால், ஊசியின் ஒரு துளியில் ஹராம் கலந்திருக்குமோ என்று அஞ்சுகிற நாம், முழுப் பொய்யாலான அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் துணியலாமா?

நோன்பைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். ஊட்டச்சத்துக்காக ஏற்றப்படாத ஊசி நோன்பை முறிக்காது என்பது சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1997-இல் எடுத்த முடிவு. வாய்வழிச் சொட்டு மருந்து அப்படியன்று. அதை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்ளலாம்.

அச்சத்திற்கும் விடை உண்டு

ஊசிக்குப் பின் சிலருக்குச் சில நாள்கள் இலேசான காய்ச்சலும் உடல்வலியும் வரலாம். கடுமையான விளைவுகள் மிக மிக அரிது. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள் இதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகளும் அறுபது வயதைக் கடந்தவர்களும் மருத்துவரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும். உண்மையான மருத்துவக் காரணம் உள்ளவருக்கு விலக்குச் சான்று வழங்கும் முறை சர்வதேச விதிகளிலேயே இருக்கிறது. நேர்வழி திறந்திருக்கும்போது குறுக்குவழி எதற்கு?

பெரியம்மை இயற்கையாகத் தாக்கிய கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகரைச் சேர்ந்த அலி மாவ் மாலின். ஆண்டு 1977. அவர் வேறெங்குமல்ல, மருத்துவமனையில் சமையல்காரராக வேலை பார்த்தவர். அத்தனை பேருக்கும் அம்மை குத்திய காலத்தில், வலிக்கும் என்று அஞ்சி அவர் நழுவிவிட்டார். நோயுற்ற குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் உடன் சென்றதில் அவருக்குத் தொற்றியது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் இணைந்து, தாம் செய்த தவற்றையே எடுத்துச் சொல்லி, தயங்கிய பெற்றோரை இணங்கச் செய்தார். 2013-இல் அந்தப் பணியில் இருந்தபோதே மலேரியாவால் இறந்தார். சில நிமிடத் தொடர்பு என்ன செய்யும் என்பதற்கும், தவற்றை ஒப்புக்கொள்வது எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதற்கும் அவர் வாழ்வு சான்று.

காலத்தோடு செய்வோம்

விமானப் பணியை நாடும் பிள்ளைகள் நியமனக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசிக்கு மூன்று தவணைகள். வழக்கமான முறையில் முடிக்க ஆறு மாதங்கள் ஆகும். ஹெப்பட்டைட்டிஸ் ஏ தடுப்பூசியின் இரண்டாம் தவணைக்கும் பொதுவாக ஆறு மாதங்கள். உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள் இரண்டை ஒரே நாளில் போடலாம். இல்லையேல் நான்கு வாரங்கள் இடைவெளி வேண்டும். டைஃபாய்டு, டெட்டனஸ் ஆகியவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். செனகல் முதல் எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் வளையத்திற்குப் பறப்போருக்கும், ஜித்தாவில் தங்கும் இடைவேளையில் உம்ரா நிறைவேற்ற விரும்புவோருக்கும் நால்வகை மூளைக்காய்ச்சல் தடுப்பூசி தேவை. அதையும் பத்து நாள்கள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே கிடைக்கும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்து, கடவுச்சீட்டுடன் செல்லுங்கள். அட்டையில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா, மருந்தின் தொகுதி எண்ணும் கையொப்பமும் முத்திரையும் உள்ளனவா என்று அங்கேயே பாருங்கள். 2016 ஜூலை முதல் அந்தச் சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். ஊசி போட்ட பின் எப்போது பறக்கலாம் என்பதை விமான மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

அந்த இளைஞருக்கு நாம் சொன்னது இதுதான்: "தம்பி, நிறுவனத்திற்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், முகவர் அல்லர்." அவர் எழுதினார். நிறுவனம் அவரை அடுத்த அணியில் சேர்த்துக்கொண்டது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம் போயிற்று. முன்சேர்ந்தோர் வரிசையில் பின்னுக்குப் போனார். விமானத் துறையில் பதவி உயர்வுக்கு அந்த வரிசை பெரிதும் கணக்கிடப்படும் என்பதால், அது சிறிய இழப்பு அன்று. அவருடைய தந்தை சில நாள்கள் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வருத்தத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் அவர் இன்று எந்த விமான நிலையத்திலும் அட்டையை நீட்டும்போது கை நடுங்குவதில்லை. நேர்மைக்கு விலை கொடுக்கும் பிள்ளைகளை அவ்விலையோடு தனியே விட்டுவிடாதிருப்பது ஜமாஅத்துகளாகிய நம் கடமை. ஊர்தோறும் நம் மருத்துவர்கள் ஒன்றுகூடி, வெளிநாடு செல்லும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் பள்ளிவாசல் வளாகத்திலேயே தடுப்பூசி வழிகாட்டல் அளித்தால், முகவரைத் தேடும் தேவையே பலருக்கு எழாது.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தையும் சாட்சியத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.