குழந்தைகளும் மருந்துப் புட்டி மூடிகளும்

அழுத்திக்கொண்டே திருகினாலன்றித் திறவாத மருந்துப் புட்டி மூடிகளைப் பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கும் பணி அண்மையில் எனக்கு வாய்த்தது. கனடா நாட்டு வின்ட்ஸர் நகரில் ஆன்றி புரோ என்னும் குழந்தை மருத்துவர் 1967-ஆம் ஆண்டில் இத்தகைய மூடியைக் கொணர முன்னின்றவர். குறிப்பின் முற்படியில் ‘குழந்தைகளால் திறக்க முடியாத மூடி’ என்றிருந்தது. அதனை நான் ‘குழந்தைகள் எளிதில் திறக்கவொண்ணா மூடி’ என மாற்றினேன். ஒரு சொல்லுக்காக இத்தனை பிடிவாதமா என்று நண்பரொருவர் வினவினார். பிடிவாதந்தான், அதற்குக் காரணமும் உண்டு.

அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற நச்சுத் தடுப்புச் சிப்பச் சட்டத்தின்கீழ் நடைபெறும் சோதனை இது: 42 முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகளை இருவர் இருவராக அமர்த்தி, ஆளுக்கொரு புட்டியைக் கொடுத்துத் திறக்கச் சொல்லுகின்றனர். 5 நிமிடத்தில் திறவாவிடில், சோதனையாளர் வாய் பேசாது ஒருமுறை திறந்து காட்டுகிறார். பின்னர் மேலும் 5 நிமிடம். பல்லால் கடித்தும் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள்! குழந்தையின் இயல்பை நன்கறிந்தவரே இவ்விதியை எழுதியிருத்தல் வேண்டும். திறந்து காட்டுமுன் 100-க்கு 85 பேரும், முழு 10 நிமிடமும் சென்றபின் 80 பேரும் திறவாதிருந்தால் மூடி தேறியதாகும்.

அதாவது, தேறிய மூடியையும் ஐவரில் ஒருவர் திறந்திருக்கக்கூடும். ‘முடியாத’ என்னும் சொல் அந்த ஐந்தாவது குழந்தையை மறைத்துவிடுகிறது. அச்சொல்லை நம்பும் தாய் புட்டியைக் கைக்கெட்டும் மாடத்தில் வைத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கச் செல்வாள். மூடி தருவது சிறிது அவகாசமே, அது பூட்டன்று.

1995-இல் விதி திருத்தப்பட்டு, 50 முதல் 70 வயதுடையோர் 100 பேரில் 90 பேரேனும் இம்மூடியைத் திறந்து மீண்டும் மூடவும் வேண்டும் என்றாயிற்று. முதியோர்பால் இரக்கம் மட்டுமே இதன் காரணமன்று. மூட்டுவலியுள்ள பாட்டிக்கு அடங்காத மூடி, திறந்தபடியே கிடக்கும்.

நம் நாட்டில் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டைகளிலேயே வருகின்றன. அட்டைக்கும் அச்சட்டத்தில் சோதனை உண்டு: 8-க்கு மேற்பட்ட மாத்திரைகளையோ, கடுந்தீங்கு விளைக்கும் அளவு அதனினும் குறைவாயின் அத்தனையையோ எடுத்துவிட்ட குழந்தை திறந்ததாகவே கணக்கிடப்படும். எனினும், நமது பெருங்கவலைகளுள் ஒன்று மண்ணெண்ணெய். அதனைச் சர்பத் புட்டியில் ஊற்றிவைக்கும் வழக்கத்துக்கு எச்சோதனையும் துணைவாராது. வீடுகளுக்குச் செல்லும் ஆசிரியர்களும் கள ஊழியர்களும் மூடியை ஆராயுமுன், எப்புட்டியில் எது இருக்கிறது, எவ்வுயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்பார்களாக. மண்ணெண்ணெய் குடித்துவிட்ட குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

குறிப்பு என் சொல்லோடுதான் அச்சுக்குச் சென்றுள்ளது. இதனினும் சுருக்கமான சொல்லை அறிந்த அன்பர் எழுதியனுப்பினால் மகிழ்வுடன் ஏற்பேன், ‘எளிதில்’ என்ற பொருள் அதில் விடுபடாதிருக்குமாயின்.