நரம்பிசையும் தோட்டத்துப் பிள்ளையும்

நால்வர் கூடி இசைக்கும் மேலை நரம்பிசையைத் தமிழ்ப்பள்ளி மாணவருக்குக் கேட்பிக்கலாமே என்று எவரேனும் சொல்லத் தொடங்கினால், ‘அது துரைமார் இசை, தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?’ என்னும் மறுமொழி ஆயத்தமாக வந்து நிற்கிறது. சொல்பவர் பெரும்பாலும் தமிழ்ப்பற்று மிக்கவர். ஆதலின் அது பற்றின் குரலாகவே மதிக்கப்படுகிறது. உண்மையில் அது பற்றன்று. பழைய லயத்து வேலியைப் பிள்ளையின் செவியைச் சுற்றி மீண்டும் கட்டுவதே ஆகும்.

துரைமார் இசை என்று யார் சொன்னது? இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்னும் நான்கும் கூடிய அமைப்பைச் செப்பஞ்செய்து நிலைநாட்டிய ஜோசப் ஹைடன், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகனாக 1732இல் பிறந்தவர். தாய் ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் செய்தவர். 1761இல் எஸ்தர்ஹாசி குடும்பத்தில் ஹைடன் பணியேற்றபோது, ஏவலாளர் சீருடை அணிந்து, முற்பகலும் பிற்பகலும் முன்கூடத்தில் நின்று எசமானின் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பெரட்டுக் களத்தில் நின்ற மக்களின் வழிவந்தோர்க்கு இந்நிலை விளங்காததா? பின்னர் வந்த பேலா பார்ட்டோக், ஹங்கேரிய உழவர் பாட்டுகளை ஊர் ஊராகச் சென்று ஒலிப்பதிவு செய்தார். அவற்றின் சாயல் அவருடைய நால்வர் இசையிலும் ஏறிற்று. பால்மரக் காட்டுப் பாட்டையும் உறுமியின் முழக்கத்தையும் அவ்வாறு போற்றி ஆக்கம் செய்த நம்மவர் எத்துணைப் பேர்?

வயலினை அயல் கருவி என்று ஒதுக்குவார்க்கு வரலாறே விடை கூறும். பாலுசாமி தீட்சிதர் அதனைச் சென்னையில் ஐரோப்பிய இசைஞரிடம் பயின்றார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு அதில் பெற்ற தேர்ச்சிக்காகச் சுவாதித் திருநாள் மன்னர் 1834இல் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். கருவியை ஏற்றவர்கள் தம் பண்ணை இழந்துவிடவில்லை. பண்ணைப்புரம் என்னும் சிற்றூரில் பிறந்த இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச் 8இல் இலண்டனில் அரங்கேறியதைத் தமிழர் பெருமை என முழங்குவோர், அவர் மேலை இசையைச் செவிகொடுத்துக் கேட்டுக் கற்றவர் என்பதை மட்டும் விட்டுவிடுகின்றனர்.

நெகிரி செம்பிலானில் ரப்பர் குறைந்து செம்பனை பரவிற்று. தோட்ட மக்கள் பலர் பட்டணம் பெயர்ந்தனர். கொம்போக், சுவா பெத்தோங் முதலிய தோட்டப் பெயர்கள் பள்ளிப் பெயர்களில் நிற்கின்றன. சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 65 கிலோமீட்டர்தான். சுற்றுலா செல்லும் பிள்ளைகள் இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்கின்றனர். அதன் அடியில் 1998 முதல் இயங்கும் ஃபில்ஹார்மோனிக் அரங்கை எட்டிப் பாராமலே திரும்புகின்றனர்.

அரங்கிற்குச் செல்ல இயலாத பள்ளிக்கு ஓர் ஒலிபெருக்கி போதும். வாரம் ஒருமுறை ஹைடனுக்குக் கால்மணி நேரம், நாதசுரத்திற்குக் கால்மணி நேரம் ஒதுக்கலாம். எந்தக் கருவி எதற்கு மறுமொழி கூறிற்று என்பதை மாணவரே எழுதட்டும். திரைப்பாட்டுக்கு ஆடுவதற்கு ஆண்டுவிழா இருக்கவே இருக்கிறது.