சப்போர்ட் வேலைன்னா சும்மாவா பாஸ்?

இந்த வாரம் ஒரே ஒரு கடிதம்தான். ஆனா, உங்கள்ல பாதிப் பேர் மனசுல ஓடுற கேள்வி அது.

எழுதியிருப்பவர் திருவண்ணாமலையில் பி.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறார். சென்னையில் ஒரு கம்பெனியில் டெக்னிக்கல் சப்போர்ட் வேலை கிடைச்சிருக்கு. பாஸ்வேர்டு மாத்திக் கொடுக்கிறது, பிரிண்டர் ஓடலைன்னா பார்க்கிறது... அந்த ரகம். 'போனா அங்கேயே மாட்டிக்குவே மச்சி'ன்னு நண்பர்கள் பயமுறுத்துறாங்க. இவருக்கோ கிளவுட் இன்ஜினீயர் ஆகணும்னு ஆசை. ஒரு இன்ஸ்டிடியூட்டில் 60 ஆயிரம் கட்டினா 'நூறு சதவிகிதம் வேலை கியாரண்டி'ன்னு சொல்றாங்களாம். அப்பாவுக்குக் கிரிவலப் பாதையில் டீக்கடை. வட்டிக்கு வாங்கித் தர்றேன்னு சொல்றாராம். வேலையா, கோர்ஸா?

நண்பா, முதல்ல ஒண்ணு கேட்கிறேன். கிளவுட்னா என்னன்னு உங்க அப்பாகிட்ட கேட்டிருக்கீங்களா? சிரிக்காதீங்க. அவர் மாசாமாசம் செய்றதே அதுதான்! சாதாரண நாள்ல கடைக்கு ஒரு அடுப்பு போதும். பௌர்ணமி அன்னிக்கு 14 கிலோமீட்டர் பாதையும் ஜனக்கடல். அதுக்காக நாலு அடுப்பு சொந்தமா வாங்கிப் போடுவாரா? வாடகைக்கு எடுப்பார். கூட ரெண்டு ஆளைக் கூப்பிட்டுக்குவார். விடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடுவார். சர்வரை இப்படி வாடகைக்கு எடுத்து, கூட்டம் வந்தா ஏத்தி, போனா இறக்கி, பயன்படுத்தினதுக்கு மட்டும் காசு கொடுக்கிறதுதான் கிளவுட். 2006-ல் அமேசான் தன் ஸ்டோரேஜையும் சர்வரையும் இப்படி வாடகைக்கு விட ஆரம்பிச்சது. இப்போ மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர், கூகுள் கிளவுட்னு பெரிய மார்க்கெட்.

சரி, சப்போர்ட் ஆசாமிக்கு இதில் என்ன வேலை?

2025 அக்டோபர் 20, தீபாவளி. அன்னிக்கு மத்தியானம் ஸ்நாப்சாட், கேன்வா, டுவோலிங்கோன்னு வரிசையா படுத்தது ஞாபகமிருக்கா? அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிற அமேசான் கிளவுடில் கோளாறு. முழுசா சரியாக நம்ம நேரத்துக்கு மறுநாள் அதிகாலை ஆயிடுச்சு. காரணம்? டி.என்.எஸ்.! ஒரு டேட்டாபேஸ் சேவையின் முகவரி, தானியங்கி சாஃப்ட்வேரில் இருந்த பிழையால் காலியாகிப் போச்சு. பெயர் இருக்கு, வீட்டு நம்பர் இல்லை. 'நெட் வரலை சார்'னு போன் வந்ததும் சப்போர்ட் பையன் முதல்ல பார்க்கிற நாலு விஷயத்தில் டி.என்.எஸ். ஒண்ணு!

இன்னொண்ணு. 2017 பிப்ரவரி 28. அதே வர்ஜீனியா. பில்லிங் கோளாறைத் தேடிக்கிட்டிருந்த ஒரு ஊழியர், சில சர்வர்களை மட்டும் நிறுத்த ஒரு கமாண்ட் கொடுத்தார். அதில் ஒரு விவரம் தப்பு. நினைச்சதைவிட நிறைய சர்வர் நின்னுபோச்சு. சுமார் நாலு மணி நேரம் ஏகப்பட்ட வெப்சைட்டுகள் முடங்கின. என்டர் தட்டுறதுக்கு முன்னாடி ஒருமுறை நிதானிக்கிற பழக்கம் இருக்கே, அது எந்த சர்டிஃபிகேட்டிலும் வராது. கோபமா இருக்கிற ஆளுங்களோட கம்ப்யூட்டரை ராத்திரி ஷிஃப்ட்டில் சரிபண்ணும்போதுதான் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. யாருக்கு எந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதின்னு சப்போர்ட்டில் பார்ப்பீங்க. கிளவுடில் அதுக்கு 'ஐ.ஏ.எம்.'னு பேர். இங்கே ஐ.பி., ஃபயர்வால். அங்கே 'வி.பி.சி.', 'செக்யூரிட்டி குரூப்'. பேர்தான் புதுசு, யோசனை பழசு.

அதுக்காக நண்பர்கள் சொல்றது முழுப் பொய்யும் இல்லை. மூணு வருஷம் பாஸ்வேர்டு மட்டுமே மாத்திக் கொடுத்தா மாட்டிக்கத்தான் செய்வீங்க. உங்ககிட்ட இல்லாதது நாலு விஷயம். லினக்ஸ். பைத்தான் மாதிரி ஒரு மொழியில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட். கிட். அப்புறம் டெராஃபார்ம் மாதிரி, சர்வரைக் கையால் அமைக்காமல் எழுதி வைத்தே உருவாக்கும் கருவி. சப்போர்ட்டில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார்ந்து சரிபண்ணுவீங்க. கிளவுடில் நூறு சர்வர் எப்படி இருக்கணும்னு எழுதி வைப்பீங்க. வித்தியாசம் இவ்வளவுதான்.

இதுக்கு 60 ஆயிரம் தேவையா? இல்லை.

'ஏ.டபிள்யூ.எஸ். ரீ-ஸ்டார்ட்'னு ஒரு பயிற்சி இருக்கு. 2017-ல் இங்கிலாந்தில் தொடங்கி இந்தியாவுக்கும் வந்தது. வேலை இல்லாதவங்க, தகுதிக்குக் குறைஞ்ச வேலையில் இருக்கிறவங்களுக்காகவே நடத்துறாங்க. கட்டணம் கிடையாது. லினக்ஸ், பைத்தான், நெட்வொர்க், செக்யூரிட்டி, டேட்டாபேஸ் எல்லாம் அடிப்படையிலிருந்து. எந்த ஊரில், எந்த அமைப்பு மூலமா அடுத்த பேட்ச்னு பார்த்து விண்ணப்பிக்கணும். 2022 மார்ச் 1-ல் தமிழக அரசு தொடங்கின 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலேயே பயிற்சி கிடைக்கும். உங்க காலேஜில் என்ன கோர்ஸ் இருக்குன்னு பிளேஸ்மென்ட் சாரை நாளைக்கே பிடிங்க. என்.பி.டி.இ.எல்.-லில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களோட பாடம் இலவசம். பரீட்சைக்கு மட்டும்தான் பணம்.

சர்டிஃபிகேட்? ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர் பரீட்சைக்குக் கட்டணம் 100 டாலர். 90 நிமிஷம், 65 கேள்வி. பாஸானால் மூணு வருஷத்துக்குச் செல்லும். எழுதுங்க, நல்லதுதான். ஆனா, அதை மட்டும் காட்டினா இன்டர்வியூவில் 'நீங்களா என்ன செஞ்சீங்க?'ன்னுதான் அடுத்த கேள்வி வரும்.

அதுக்குப் பதில் இப்பவே ரெடி பண்ணுங்க. பௌர்ணமி கிரிவல நேரம் சொல்ற ஒரு குட்டி வெப்சைட். ஒரு லினக்ஸ் சர்வர், படங்களுக்குத் தனி ஸ்டோரேஜ், மொத்தத்தையும் டெராஃபார்மில் எழுதி கிட்ஹப்பில் போடுங்க. அப்புறம் நீங்களே அதை வேணும்னே கெடுங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க, எப்படிச் சரிபண்ணீங்கன்னு ஒரு பக்கம் எழுதுங்க. அந்த ஒரு பக்கம்தான் உங்களுக்காகப் பேசும். ஜாக்கிரதை! அக்கவுன்ட் திறந்த கையோட, செலவு இவ்வளவைத் தாண்டினா மெயில் வர்ற மாதிரி 'பட்ஜெட் அலர்ட்' வைங்க. வாடகை அடுப்பைத் திருப்பிக் கொடுக்க மறந்தா என்ன ஆகும்? ஓடவிட்டு மறந்த சர்வருக்கும் அதே கதைதான்.

ஆக, என் பதில்: வேலைக்குப் போங்க. ஆனா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. எத்தனை வருஷ பாண்ட்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைக்கிறாங்களா? வைக்கிறாங்கன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. சேர்ந்த பிறகு, அதே கம்பெனியில் சர்வர் டீம் எங்கே உட்காருதுன்னு தேடுங்க. அவங்க செய்ய சலிச்சுக்கிற வேலையை 'நான் செய்யட்டுமா சார்?'னு கேளுங்க. வெளியிலிருந்து வர்றவனைவிட, அடுத்த சீட்டில் இருந்து வர்றவனுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். காலண்டரில் ஒரு தேதி குறிங்க. 18 மாசத்துக்குள்ள அந்தப் பக்கம் போகலைன்னா, வேற கம்பெனி பாருங்க.

அந்த 60 ஆயிரம்? 'நூறு சதவிகிதம் வேலை'ன்னு சொல்றவங்ககிட்ட, வேலை கிடைக்கலைன்னா பணத்தைத் திருப்பித் தருவோம்னு எழுதிக் கேளுங்க. அவங்க முகத்திலேயே பதில் தெரியும்.

அப்பாவை வட்டிக்கு வாங்க விடாதீங்க. அடுத்த பௌர்ணமிக்கு லீவு போட்டுட்டு ஊருக்குப் போய், ராத்திரி முழுக்கக் கடையில் அவர்கூட நில்லுங்க. கூட்டத்தை எப்படிச் சமாளிக்கிறார்னு பாருங்க. இன்டர்வியூவில் 'ஆட்டோ ஸ்கேலிங்னா என்ன?'ன்னு கேட்டா, தைரியமா அந்தக் கதையைச் சொல்லுங்க!