சொல் ஒன்று, பொருள் வேறு

ஆங்கில வினாத்தாளிலே 'பின்வரும் மரபுத் தொடர்களின் பொருளைத் தருக' என்னும் வினாவைக் கண்டதும் மாணவர் பலர் மனம் தளர்வர். இலக்கணத்தை விதி கொண்டு கற்கலாம்; சொற்பொருளை அகராதியிற் காணலாம். மரபுத் தொடரோ இவ்விரண்டுக்கும் எளிதில் அகப்படுவதில்லை. 'வாளியை உதைத்தான்' என்னும் தொடரிலுள்ள சொற்கள் சிறுபிள்ளையும் அறிந்தவையே. ஆயினும், 'இறந்தான்' என்பதே அத் தொடரின் பொருள் என்று எந்த விதி எமக்கு எடுத்துரைக்கும்?

இஃது ஆங்கிலத்துக்கு மாத்திரம் உரிய விந்தையன்று. தமிழ் கற்க முயலும் ஆங்கிலேயர் ஒருவர் 'கம்பி நீட்டினான்' என்பதைக் கேட்டால் கொல்லன் பட்டறையை நினைப்பார். 'காது குத்தாதே' என்பதைக் கேட்டால் தட்டானை நினைப்பார். நாம் பிறந்த நாள் தொட்டுக் கேட்டுப் பழகியமையால் இத் தொடர்களின் விந்தை எமக்குப் புலப்படுவதில்லை. ஒரு பொருளை முன்னோர் எவ்வாறு வழங்கினரோ அவ்வாறே நாமும் வழங்குவதுதான் மரபு என்பது நன்னூலார் கொள்கை. ஆகவே, ஒரு தொடரின் மரபை அறிய விரும்புவோர் அதன் சொற்களை நோக்கினாற் போதாது. அதனை வழங்கிய மக்களின் வாழ்க்கையையும் நோக்குதல் வேண்டும்.

ஆங்கிலேயர் நெடுங்காலம் கடலோடிகளாய் இருந்தவர். பாய்க் கப்பலிலே கயிறுகள் பல. எக் கயிற்றை இழுத்தால் எப் பாய் அசையும் என்பதை அறியாதவன் புயல் வேளையில் மற்றையோருக்கும் ஆபத்தாவான். ஆகையால், 'கயிறுகளை அறிந்தவன்' என்பது ஒரு தொழிலின் நுட்பங்களைக் கைவரப் பெற்றவனைக் குறித்தது. கடலை விட்டு விளையாட்டுத் திடலுக்கு வருவோம். ஆடுகளத்தை மழைக்கு மூடி வைக்கும் வழக்கம் இல்லாத காலத்திலே, நனைந்த தரை வெயிலில் உலரத் தொடங்கும்போது பந்து எழும்புமோ, தாழுமோ என்று துடுப்பாட்டக்காரனால் மதிப்பிட முடியாது. அத்தகைய தரையை 'ஒட்டும் விக்கெட்' என்றனர். இக்கட்டில் அகப்பட்டவனை 'ஒட்டும் விக்கெட்டில் நிற்கிறான்' என்று கூறும் வழக்கு இதிலிருந்தே பிறந்தது.

சில தொடர்களுக்குள் ஒரு சட்டமோ, ஒரு மனிதரோ மறைந்திருப்பதுண்டு. 'கலகச் சட்டத்தை வாசித்தார்' என்றால் கடுமையாக எச்சரித்தார் என்பது பொருள். 1715 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த அச் சட்டத்தின்படி, பன்னிருவரோ அதற்கு மேற்பட்டோரோ கலகம் விளைவிக்கக் கூடினால், நீதவான் அவர்கள் முன் நின்று பிரகடனத்தை வாசிப்பார். ஒரு மணி நேரத்துள் கலைந்து செல்லாதோர் மரண தண்டனைக்கு உரியவராவர். இருபதாம் நூற்றாண்டிலே அச் சட்டம் நீக்கப்பட்டது. தொடரோ இன்றும் வழங்குகிறது.

'ஹொப்சனின் தெரிவு' என்பதைப் பலர் இரண்டில் ஒன்றைத் தெரிய முடியாத தடுமாற்றம் எனப் பிழையாகக் கொள்வர். 1631 ஆம் ஆண்டு மறைந்த தோமஸ் ஹொப்சன், கேம்பிறிட்ஜ் நகரிலே குதிரைகளை வாடகைக்கு விட்டவர். லாயத்தின் வாயிலுக்கு அண்மையில் நிற்கும் குதிரையையே கொள்ள வேண்டும். அன்றேல் வெறுங்கையுடன் செல்ல வேண்டும். எனவே, தெரிவு என்று பெயர் இருந்தும் தெரிவதற்கு ஒன்றுமில்லாத நிலையே ஹொப்சனின் தெரிவாகும்.

இத்தகைய தொடர்களைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் வைத்தல் தகாது. 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போதல்' என்று எழுதினால் எம்மவருள் எத்தனை பேருக்கு விளங்கும்? நிலக்கரி வெட்டி இலண்டனுக்கு அனுப்பிய ஊருக்கே நிலக்கரி கொண்டு செல்லும் வீண்செயலை அது சுட்டுகிறது. 'கொல்லன் தெருவில் ஊசி விற்றல்' என்று எம் முன்னோர் இதனை அழகுறச் சொல்லி வைத்துள்ளனர். காட்சி வேறாயினும் கருத்து ஒன்றே.

பொருளை அறிந்தபின் இடமறிதலும் வேண்டும். முன்னர்க் கூறிய 'வாளியை உதைத்தான்' என்பது எம்மிடையே வழங்கும் 'மண்டையைப் போட்டான்' என்பது போன்ற கொச்சை வழக்கு. அதனைப் பட்டியலில் மனனம் செய்த மாணவன், தந்தையை இழந்த நண்பனுக்கு எழுதும் இரங்கற் கடிதத்தில் எடுத்தாண்டால் என்னாகும்? பொருளிலே பிழையில்லை, ஆயினும் அந் நட்பு அன்றோடு முறியும். 'சிவபதமடைந்தார்' என்று எழுத வேண்டிய இடத்திலே எதனை எழுதலாகாது என்பதும் மொழியறிவின் பாற்பட்டதே.

நட்பு மாத்திரமன்று, உயிர்களும் தொடர்களைச் சார்ந்து நின்றதுண்டு. 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கொரியப் போரிலே, இம்ஜின் ஆற்றங்கரையில் பிரித்தானியரின் குளொஸ்ரர் படையணி சீனப் படைகளால் சூழப்பட்டது. நிலைமை எவ்வாறு என வினாவிய அமெரிக்கத் தளபதிக்கு, பிரித்தானியப் படைத் தலைவர் 'சற்று ஒட்டுகிறது' என்ற பொருள்பட விடையளித்தார் என அப் போரைப் பற்றி எழுதியோர் குறிப்பிடுவர். ஒட்டும் விக்கெட்டில் நாம் கண்ட அதே சொல்தான். பெரும் இடரையும் சிறிதாகக் கூறுவது ஆங்கிலேயர் மரபு. 'நிலைமை மிக மோசம்' என்பதே அவர் கருத்து. அமெரிக்கரோ, சிறு சங்கடம் உண்டு, சமாளிப்பர் என்று கொண்டார். குளொஸ்ரர் வீரருள் மிகப் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். ஒரு சொல்லே அதற்கு முழுக் காரணம் எனல் பொருந்தாது. ஆயினும், ஒரே மொழி பேசுவோரிடையேயும் மரபு வேறுபட்டால் பொருள் வேறுபடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

மற்றொன்றும் கூறுவோம். 1952 ஆம் ஆண்டு நவம்பர் 2 ஆம் நாள் இரவு, இலண்டனை அடுத்த குறொய்டனிலே, ஒரு பண்டகசாலையிற் களவெடுக்கச் சென்ற இளைஞர் இருவரைப் பொலிசார் கூரைமீது எதிர்கொண்டனர். துப்பாக்கி ஏந்திய கிறெய்க்குக்கு வயது 16; அவன் தோழன் டெறெக் பென்ற்லிக்கு வயது 19. பொலிசாரிடம் பிடிபட்டு நின்ற பென்ற்லி, 'அவனுக்கு அதைக் கொடு' என்று கூவினான் எனச் சாட்சியம் கூறப்பட்டது. கிறெய்க் சுட்டான், சிட்னி மைல்ஸ் என்னும் பொலிஸ்காரர் உயிரிழந்தார். அத் தொடரை நேரே கொண்டால் 'துப்பாக்கியை ஒப்படைத்துவிடு' என்பது பொருள். மரபுத் தொடராகக் கொண்டால் 'சுடு' என்பது பொருள். 'அவனுக்கு இரண்டு கொடு' என்று எம்மவர் கூறும்போது எதனைக் கொடுக்கச் சொல்கின்றனர் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அவ்வாறு கூறவேயில்லை என இளைஞர் இருவரும் மறுத்தனர். அரச தரப்பு அதனைத் தூண்டுதலாகவே கொண்டது. சுட்டவன் வயது குறைந்தவனாதலால் தூக்குக்குத் தப்பினான். சுடாத பென்ற்லி 1953 ஜனவரி 28 இல் தூக்கிலிடப்பட்டான். விசாரணை நீதிபதி யூரர்களுக்கு அளித்த தொகுப்புரை நீதியான விசாரணைக்கு மாறானது எனக் கண்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், 1998 ஆம் ஆண்டிலே அத் தீர்ப்பை நீக்கியது. தீர்ப்பு நீங்கியது, போன உயிர் மீளவில்லை.

ஆதலால், மாணவ மணிகாள், நூறு தொடர்களைப் பட்டியலிட்டு மனனம் செய்வதை விடப் பத்துத் தொடர்களை நன்கறிதல் நலம். ஒரு தொடரைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இஃது எவ் வாழ்விலிருந்து பிறந்தது? யார் யாருக்குச் சொல்வது? எவ்விடத்தில் சொல்லத் தகாதது? நல்ல கதைகளையும் கட்டுரைகளையும் படிக்கும்போது இவற்றுக்கு விடை தானே கிட்டும். விளங்காத தொடரைப் பிறர் கூறினால், விளங்கியவர் போலத் தலையசைக்க வேண்டாம். 'தாங்கள் கூறியதன் பொருள் யாது?' என்று அவரிடமே கேட்டறியுங்கள். பெற்றோரும், வீட்டிலே பிள்ளைகள் இவ்வாறு வினாவும்போது சினவாது விடை கூறுவாராக. கேட்டறியும் பிள்ளைக்கு வெட்கம் ஒரு கணம். கேளாது விட்டதன் இழப்போ எவ்வளவு பெரிதாகும் என்பதை இம்ஜின் ஆற்றங்கரை எமக்குக் காட்டியிருக்கிறது.