சின்ன யூனியும் பெரிய பெயரும்

ஓகஸ்ட் மாதம் வந்தால் லண்டனில் எங்கட ஆக்களின் வாயில் ஒரே கேள்விதான். "பிள்ளைக்கு எந்த யூனி கிடைச்சது?" பெரிய பெயர் இல்லாவிட்டால் தாய் தகப்பன் குரலைக் குறைத்துச் சொல்லுவினம். பிள்ளை படிக்கப்போவது கணக்கியல் என்றால் இந்த வெட்கம் தேவையில்லாதது என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். இங்கே பட்டம் மட்டும் எடுத்து யாரும் பட்டயக் கணக்காளர் ஆவதில்லை. அதற்குப் பிறகும் சோதனைகள் இருக்கின்றன. ஏசிசிஏயை எடுங்கள். இன்றைய ஒழுங்கில் 13 பாடங்கள், அதோடு மூன்று வருட வேலை அனுபவம். அங்கீகாரம் பெற்ற கணக்கியல் பட்டம் இருந்தால் 9 பாடங்கள் வரை விலக்குக் கிடைக்கும். 1992இல் பொலிரெக்னிக்கிலிருந்து யூனியாக மாறிய இடங்களின் பட்டங்களுக்கும் இந்த விலக்கு உண்டு. கடைசி நாலு பாடத்தையும் எல்லாரும் எழுதித்தான் ஆகவேண்டும். யூனியின் பெயருக்கு அங்கே ஒரு புள்ளியும் போடமாட்டார்கள்.

பெரிய பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முதலீட்டு வங்கிகளின் வாசலில் அது இன்னும் உதவும். ஆனால் டெலாய்ட் போன்ற பெரிய நிறுவனமே 2015இல், இங்கிலாந்தில் ஆள் எடுக்கும்போது யூனியின் பெயரை மறைத்துவிட்டுத் தெரிவு செய்யப்போவதாக அறிவித்தது.

பிள்ளைகள் தடக்கி விழுவது வேறு இடத்தில். அந்த மூன்று வருட அனுபவம்! பட்டத்தோடு வெளியே வந்து, அனுபவம் இல்லை என்று வேலை கிடைக்காமல், பெற்றோல் செற்றில் ரில்லில் நிற்கிற பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அதனால் யூனி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டத்துக்கு எத்தனை பாடம் விலக்கு? படிப்புக்கு நடுவில் ஒரு வருடம் நிறுவனமொன்றில் வேலை செய்ய வழி இருக்கிறதா, போன வருடம் எத்தனை பேருக்கு அப்படி இடம் கிடைத்தது? அந்த வேலை வருடத்துக்கு இங்கிலாந்தில் வழமையான கட்டணத்தின் ஐந்திலொரு பங்குக்கு மேல் வாங்க முடியாது. 2025இல் முழுக் கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்ஸ். சின்ன யூனிகளும் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகின்றன. காசு ஒன்றுதான் என்றால், அதற்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பதில் வெட்கமென்ன?

"கொம்பியூட்டர் எல்லாம் செய்யுது, இனிக் கணக்காளருக்கு என்ன வேலை?" என்றும் கேட்கிறார்கள். பற்றுச்சீட்டைப் பார்த்துப் பதிகிற வேலை குறையும், உண்மைதான். ஆனால் சட்டம் மறுபக்கம் வேலையைக் கூட்டுகிறது. வருடத்துக்கு 50,000 பவுண்ஸுக்கு மேல் வரவுள்ள சுயதொழில்காரர் 2026 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாக வரித் திணைக்களத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2027இல் அந்த எல்லை 30,000, 2028இல் 20,000. பை நிறையத் துண்டுகளைக் கட்டிக்கொண்டுபோய் வருட முடிவில் கொட்டுகிற எங்கட கடைக்காரர் என்ன செய்வார்?

நான் நிற்கிற குசினியில் சுடச்சுடக் கட்டிக்கொடுக்கும் கொத்துரொட்டிக்கு 20 வீதம் வற் வரி. ஆறிய சாப்பாடாக வாங்கிக்கொண்டு போனால் பெரும்பாலானவற்றுக்கு வரி பூச்சியம். இதை ஒரு முதலாளிக்குத் தமிழில் விளங்கப்படுத்தி, தண்டப்பணம் வராமல் காப்பாற்றத் தெரிந்த பிள்ளைக்கு வேலை இருக்கும்.

2006இல் ஏ9 பாதை மூடியதோடு யாழ்ப்பாண வளாகத்தில் என் வணிகப் படிப்பு பாதியில் நின்றது. இத்தனை வருடத்தில் வேலை தந்த ஒருவரும் அது பெரிய யூனியா, சின்ன யூனியா என்று கேட்டதில்லை. "முடிச்சனீங்களோ?" என்றுதான் கேட்டார்கள்.

பிள்ளை முடிக்கட்டும். பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.