கண்ணைப் பார்க்காததற்குச் சான்றிதழ். கண்ணைப் பார்க்காததால் வேலை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றுத்திறனாளிகளுக்கான தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் எங்கள் ஊரில் சிறப்பாக நடந்து முடிந்ததாக உங்கள் நாளிதழில் படத்துடன் செய்தி வந்திருந்தது. அந்த முகாமுக்கு நானும் போயிருந்தேன். எனக்கு வயது 27. பி.காம். முடித்திருக்கிறேன், டேலி கணக்கு மென்பொருள் தெரியும். ஆட்டிசம் உண்டு; அதற்கு அரசு கொடுத்த அடையாள அட்டையும் உண்டு. புதியவர்கள் பேச்சுக் கொடுத்தால் வாய் கட்டிப்போகும் சமூகப் பதற்றமும் கூடவே இருக்கிறது. முகாம் யாருக்குச் சிறப்பாக நடந்தது என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடைக்கும் பந்தலுக்கும் சாய்தளம் போட்டிருந்தார்கள். சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் மேடையின் ஓரத்தில் கடைசிவரை நின்றார். சக்கர நாற்காலியில் வருபவர்களும் காது கேளாதவர்களும் பல ஆண்டுகள் போராடிப் பெற்றவை இவை. ஆனால் அதே பந்தலின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. வாழ்த்துரை ஒரு பக்கம், பெயர் கூப்பிடுவது ஒரு பக்கம், நடுநடுவே சினிமாப் பாட்டு. டோக்கன் வாங்க ஒரு வரிசை, ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் ஒரு நெரிசல். ஆட்டிசம் உள்ள ஒருவரை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று யாராவது திட்டம் போட்டிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேர்ந்திருக்க முடியாது.

நான் விண்ணப்பித்தது ஒரு கிடங்கின் சரக்கு இருப்பைக் கணினியில் பதிவு செய்யும் வேலைக்கு. மேசையில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களைப் பத்திச் சொல்லுங்க." என்னைப் பற்றி எதை என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "பையன் பேசுவானா சார்?" என்றார். பிறகு, "கண்ணைப் பார்த்தே பேச மாட்டேங்கிறாரே, நாலு பேரோட எப்படிச் சேர்ந்து வேலை பார்ப்பாரு?" என்றார். எனக்குத் தட்டச்சுத் தெரியுமா, எண்களைப் பிழையில்லாமல் பதிவு செய்வேனா என்று கடைசிவரை கேட்கவில்லை. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. யாரைப் பார்க்கப் போகிறோம் என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டில் ஆட்டிசத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவதற்கென்று இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் ஒன்று இருக்கிறது. மொத்தம் 40 கூறுகள். முதல் கூறு, கண்ணைப் பார்ப்பது குறைவு. இரண்டாவது, பிறரைப் பார்த்துப் புன்னகைப்பது இல்லை. மூன்றாவது, ஒதுங்கி இருத்தல். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டித்தான் எனக்கு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையைக் காட்டித்தான் முகாமுக்குள் நுழைந்தேன். உள்ளே போனதும், கண்ணைப் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை, ஒதுங்கி நிற்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்வையற்றவரிடம் எழுத்தட்டையை நீட்டி, படித்தால்தான் வேலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எங்களிடம் மட்டும் அதைக் கூசாமல் செய்யலாம்.

"அரசுத் தேர்வு எழுதலாமே தம்பி" என்று சொல்பவர்கள் உண்டு. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். தமிழக அரசின் குரூப் 4 தேர்வில் நேர்முகத் தேர்வு கிடையாது. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலைக் கைவிட்டது. ஊழலைத் தடுக்க எடுத்த முடிவு அது, எங்களை மனதில் வைத்து எடுத்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் எங்களுக்கு அதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்ததில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 3 சதவீத ஒதுக்கீட்டில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து அதை 4 சதவீதமாக்கியது. அதில் பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவிக் குறைபாட்டுக்கு 1, உடலியக்கக் குறைபாட்டுக்கு 1. மீதமுள்ள ஒன்றில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு என எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த ஒன்றுக்கும் ஒரு பின்வாசல் இருக்கிறது. 2016 சட்டத்தின் 34-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகை மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கலாம். அவரும் இல்லையென்றால் பொதுவில் நிரப்பலாம். "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்பது கோப்பில் எழுத எவ்வளவு சுலபமான வரி! எங்கே தேடினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று அந்த வரிக்குக் கீழே எழுத வேண்டும் என அந்தப் பிரிவு சொல்லவில்லை.

மத்திய அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட அறிவிக்கையில், மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவையாக 3,566 பணிகளை அடையாளம் கண்டிருக்கிறது. உட்காருதல், நிற்றல், படித்தல், எழுதுதல், தொடர்புகொள்ளுதல் என்று ஒவ்வொரு பணிக்கும் எவை தேவை என்ற விவரமும் இருக்கிறது. தொடர்புகொள்ளுதல் என்றதும் எல்லோரும் வாயால் பேசுவதையே நினைக்கிறார்கள். அதே 2016 சட்டம் தரும் விளக்கத்தில் எழுத்து வடிவமும் அடக்கம். நான் இப்போது உங்களோடு அப்படித்தான் தொடர்புகொண்டிருக்கிறேன்.

என்னால் நாலு பேரோடு சேர்ந்து வேலை பார்க்க முடியாது என்று முடிவுகட்டியவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி முடித்த பிறகு சில ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். பெரும்பாலும் கல்யாண அழைப்பிதழ்கள். தமிழ்த் தேதிக்கும் ஆங்கிலத் தேதிக்கும் கிழமை ஒத்துவருகிறதா, முகூர்த்த நேரம் பஞ்சாங்கத்தோடு பொருந்துகிறதா, காலமான தாத்தா பெயருக்கு முன் "தெய்வத்திரு" விழுந்திருக்கிறதா, உயிரோடிருக்கும் பெரியப்பாவுக்கு அது தவறிப்போய் விழுந்துவிட்டதா எல்லாம் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சலிக்கும் வேலை. எனக்கு அதில் நேரம் போவதே தெரியாது. அச்சக அண்ணாச்சி எந்தச் சட்டமும் படித்தவர் இல்லை. நான் வாய்ச்சொல்லாகக் கேட்டதை மறந்துவிடுகிறேன் என்று கண்டதும் வேலையைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தி வைக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் வந்தால் எனக்குக் கை நடுங்குவதைப் பார்த்து, என் மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். ஆப்செட் இயந்திரத்தின் சத்தம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை, அது ஒரே சீராக ஓடும். எப்போது அலறும் என்று தெரியாத ஒலிபெருக்கிதான் தாங்காது. இதையும் அவரே கவனித்தார். டீ நேரத்தில் முதலில் என் டம்ளர் மேசைக்கு வந்துவிடும். யாரும் கூப்பிடவில்லை, வற்புறுத்தவும் இல்லை. பல மாதம் கழித்து நானாகவே மிஷின்மேனோடு வாசலில் போய் நின்று குடிக்க ஆரம்பித்தேன். அவர் கபடி பற்றிப் பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். விடுப்பு எடுத்தால் மறுநாள், "நேத்து எங்கடே போன?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். கொரோனாவுக்குப் பிறகு அழைப்பிதழ்கள் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டன. அச்சகத்தை மூடிவிட்டார்கள்.

ஆட்டிசம் பிறவியிலேயே வந்தது. பதற்றம் பள்ளிக்கூடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அச்சகத்தில் இருந்தவரை அது குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு முகாமுக்குப் பிறகும் கூடுகிறது. வேலை தேடச் சொல்லும் வழியே ஒருவரை வேலைக்கு லாயக்கற்றவராக்கிக்கொண்டிருந்தால், அதற்குப் பொதுப்பணத்தில் பந்தல் எதற்கு?

மாற்று வழி இல்லாமல் இல்லை. டென்மார்க்கில் தோர்கில் சோன என்பவர், மகனுக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்த பிறகு 2004-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே நேர்காணலுக்குப் பதிலாக லெகோ ரோபோ பாகங்களைக் கொடுத்து வேலை செய்யவிட்டு, திறமையை உட்கார்ந்து கவனித்தார்கள். நமக்கு ரோபோகூட வேண்டாம். கிடங்குக் கணக்கு வேலையா, ஒரு கணினியும் ஐம்பது ரசீதுகளும் கொடுங்கள், அரை நாள் விடுங்கள். கேள்விகள் கட்டாயம் கேட்க வேண்டுமென்றால் முந்தின நாளே தாளில் கொடுங்கள். பந்தலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாத ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள். வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வந்துபோக வழி செய்யுங்கள். நிறுவனங்களிலிருந்து வருபவர்களுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லுங்கள். சாய்தளத்துக்கு ஆன செலவில் பாதிகூட இதற்கு ஆகாது.

ஏப்ரல் 2 வந்தால் கட்டடங்களுக்கு நீல விளக்குப் போட்டு ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் கொண்டாடுகிறார்கள். படங்களில் இருப்பதெல்லாம் குழந்தைகள். அந்தக் குழந்தைகளுக்கு 27 வயதாகும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமின் செய்தியில் பணி ஆணை வழங்கும் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆணை பெற்றவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் வேலையில் நீடிக்கிறார்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள். அரசுத் துறைகளில் எங்கள் வகைக்கான ஒரு சதவீதத்தில் நிரம்பியவை எத்தனை, அடுத்த ஆண்டுக்குப் போனவை எத்தனை, தகுதியானவர் கிடைக்கவில்லை என்று சொல்லி மற்ற வகைக்கு மாற்றப்பட்டவை எத்தனை என்பதைத் துறைவாரியாக அரசு வெளியிட வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நானும் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு யார் முன்னாலும் போய்ப் பேச வேண்டியதில்லை, தபாலில் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகர்,
தென்மாவட்டம்.